பத்தேகாலுக்கு வரப்போகிறவருக்கு

உங்கள் பெயர் தெரியும், முகம் தெரியாது.
நாளை லீயுவார்டனில்
கால்வாயோரக் கட்டிடத்தின் இரண்டாம் மாடியில்
மூன்று நாற்காலிகள் உங்களுக்கு எதிரே இருக்கும்.
ஓரத்து நாற்காலி என்னுடையது.
நான் கேள்வி கேட்பதில்லை.
கேட்டதையும் சொன்னதையும் எழுதுகிறவள்.
விட்ஸ்கே என்று பெயர்.
அறிமுகப்படுத்த மறந்துவிடுவார்கள்.

இதை உங்களுக்கு அனுப்ப எனக்கு அனுமதி இல்லை.
அனுப்பாமல் எழுதுகிறேன்.

வேலை என்னவோ எளியது.
பதினேழு பாலங்கள், பதினேழு திரைகள்.
படகு வந்தால் பாலம் எழ வேண்டும்,
சைக்கிள்காரர்கள் முணுமுணுக்க வேண்டும்,
பாலம் மறுபடி படிய வேண்டும்.
இதற்குத்தான் ஆறு ஆண்டில் இருநூற்றுச் சொச்சம் பேர்
அந்த மேஜைக்கு முன்னால் வியர்த்திருக்கிறார்கள்.

ஒன்பதேகாலுக்கே வந்துவிடாதீர்கள்.
வரவேற்பறையில் இருப்பது ஒரே ஒரு தொட்டிச்செடி.
அதையே ஒரு மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தவர்
உள்ளே வந்தபோது
அதைப்போலவே இருந்தார்.

பழைய முதலாளியைத் திட்டாதீர்கள்.
நீங்கள் சொல்வது உண்மையாகவே இருக்கும், நம்புகிறேன்.
ஆனால் போன மார்ச்சில் ஒருவர் பதினோரு நிமிடம் திட்டினார்.
என் பேனா மூச்சிரைக்க ஓடியது.
முடிவில் பார்த்தால்
தாள் முழுக்க அந்த முதலாளிதான் உட்கார்ந்திருந்தார்,
இவரைக் காணோம்.

‘உங்கள் குறை என்ன?’ என்பார் டைரக்டர் ஷூர்ட்.
‘எதையும் கச்சிதமாக முடிக்காமல் விடமாட்டேன்’
வேண்டாம், தயவுசெய்து.
ஒரே நாளில் நாலாவது ஆள் அதைச் சொன்னபோது
‘மேற்படி’ என்று எழுதிவிட்டேன்.
ஒரு பெண் சொன்னாள்:
‘காலைக் காபி உள்ளே போகும்வரை
இடது எது வலது எது என்று குழம்பும்.’
சிரித்தார்கள்.
பாலத்துக்கு இடதேது, வலதேது,
மேலும் கீழும்தானே.
அவளுக்கு வேலை கிடைத்தது.

பிறகு அந்தக் கேள்வி.
கரையில் ஆம்புலன்ஸ் அலறுகிறது,
தண்ணீரில் பாய்மரப் படகு, நிறுத்த முடியாத காற்று.
என்ன செய்வீர்கள்?
கேள்வி முடியுமுன்பே பதில் சொல்லிவிடுகிறார்கள் எல்லோரும்,
முந்திக்கொள்வதற்கே சம்பளம் என்பதுபோல.

ஹில்கே மட்டும் பேசவில்லை.
மழையில் நனைந்து வந்தவர், ஒரு கால்சட்டை மட்டும்
சைக்கிள் கிளிப்பில் இறுகியிருந்தது, கழற்ற மறந்திருந்தார்.
10.52 மௌனம் என்று எழுதினேன்.
ஷூர்ட் கோப்பையை நகர்த்தினார்.
10.53.
‘அப்போது பாலம்
பாதி திறந்திருக்கிறதா, முழுசாகவா?’

ஆறு ஆண்டில் யாரும் கேட்காத கேள்வி.
ஷூர்ட்டிடம் பதில் இல்லை.
நான் அடிக்கோடு இட்டேன்,
அது என் வேலை இல்லை என்றாலும்.

கதை அங்கேயே நின்றிருக்கலாம்.

‘சம்பளம் எவ்வளவு எதிர்பார்க்கிறீர்கள்?’
அத்தனை நேரம் நிமிர்ந்திருந்த மனிதர்
கிளிப்பைப் பார்த்துக் குனிந்து சொன்னார்:
‘நீங்களே பார்த்துப் போட்டுக் கொடுங்கள்.’

பார்த்தார்கள். போட்டார்கள்.
கடைசிப் படியில்.

சம்பளப் பட்டியல் என் கைவழியாகத்தான் போகிறது.
இடது வலது குழம்புகிறவள் பக்கத்து இருக்கையில்;
அவளுக்கு மாதம் முந்நூற்றுப் பத்து யூரோ கூட.
அவள்மேல் குற்றமில்லை. அவள் ஒரு எண்ணைச் சொன்னாள்.
நான் எழுதினேன்.
அவர் சொல்லவில்லை.
அதையும் நான்தான் எழுதினேன்.

இரவில் வீடு திரும்பும்போது சில நாள்
எனக்கு முன்னால் பாலம் எழும்.
கம்பத்துக் கேமராவை அண்ணாந்து பார்ப்பேன்.
அவருக்கு நான் தெரிவேன், எனக்கு அவர் தெரியார்.
கையசைக்கலாமா என்று யோசிப்பதற்குள்
பாலம் படிந்துவிடும்.

தாமதமானால் ஆகட்டும், சட்டை கசங்கினால் கசங்கட்டும்,
நாக்கு ஒருமுறை தடுக்கட்டும்.
அந்த ஒரு கேள்விக்கு மட்டும் குனியாதீர்கள்.
ஒரு எண் சொல்லுங்கள், சொன்ன பிறகு வாயை மூடுங்கள்.
தயங்கினீர்களென்றால்
என் பேனா மூடி டக்கென்று ஒருமுறை சத்தம் போடும்.
ஏன் என்று உங்களுக்குத் தெரியப்போவதில்லை.
இருந்தாலும் போடும்.